தயிர்ச்சோற்றுக்குப் பிறகு இங்கிலீஷ் வராது

எனக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இங்கிலீஷ் வராது.

சொன்னால் சிரிக்கிறார்கள். காலையில் வந்து என்னிடம் பேசிப் பாருங்கள். ஒரு கேள்வி கேட்டால் கூடவே இரண்டு வாக்கியம் சேர்த்துப் பதில் சொல்வேன். அதே என்னிடம், ஒரு கை தயிர்ச்சோறு தொண்டையில் இறங்கிய பிறகு வந்து "ஹவ் ஆர் யூ" என்று கேளுங்கள். "இருக்கேன், நீங்க எப்படி இருக்கீக?" என்பதுதான் வரும். பெங்களூரில் இருக்கிற என் மருமகனுக்குத் தமிழ் அவ்வளவாகப் பேச வராது. நல்ல பிள்ளை. மாமியாரிடம் சொல்ல வேண்டியது எதுவானாலும் முற்பகலிலேயே போன் போட்டுவிடுவார். ("அத்தே, பிஃபோர் லஞ்ச்தானே?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் விஷயத்துக்கே வருவார்.)

டாக்டரிடம் காட்ட வேண்டிய கோளாறு இல்லை இது. நான் படித்த பள்ளிக்கூடத்தின் கைங்கரியம்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், சிவகாசிக்கும் திருத்தங்கலுக்கும் நடுவில் பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர் தன் பழைய குடோனுக்கு வெள்ளையடித்து ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். பேபி கிளாஸ் முதல் எட்டாம் வகுப்பு வரை. தமிழும் இங்கிலீஷும் சரிசமம். அவருக்கு இந்த யோசனை வந்த கதையை ஊரே சொல்லும். ஆர்டர் பிடிக்கக் கல்கத்தாவுக்குப் போயிருந்தவர், அங்கே ஒரு வியாபாரி இங்கிலீஷில் கேட்டதற்கெல்லாம் "யெஸ், யெஸ்" என்று மரியாதையாகத் தலையாட்டியிருக்கிறார். விளைவு, கல்கத்தாவில் இறங்க வேண்டிய ஒரு வேகன் மத்தாப்பு கௌஹாத்திக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. திரும்பி வந்த முதலாளி சொன்னாராம்: "நம்ம பிள்ளைகளாவது 'நோ' சொல்லப் படிக்கணும்லே. அதுக்காகத் தமிழையும் விட்டுறப்பிடாது. ரெண்டும் வேணும்."

ரெண்டும் வேண்டும் என்று சொல்வது சுலபம். எந்த நேரம் எது என்பதில்தான் சண்டை. தலைமை ஆசிரியை டெய்சி மிஸ், பாளையங்கோட்டையிலிருந்து வந்தவர். பிள்ளைகள் தும்மினால்கூட இங்கிலீஷில் தும்ம வேண்டும் என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சி தமிழையா. வகுப்பில் யாராவது "ஒன் மினிட்" என்று சொல்லிவிட்டால் காதைப் பொத்திக்கொள்வார். இருவருக்கும் மத்தியஸ்தம் செய்த முதலாளி, பங்காளிகளுக்கு வயல் பிரிக்கிற மாதிரி நாளை இரண்டாகப் பிரித்துவிட்டார். சாப்பாட்டு மணிக்கு முன்னால் எல்லாம் இங்கிலீஷ். மணிக்குப் பின்னால் எல்லாம் தமிழ்.

ஆகவே காலையில் இரண்டும் இரண்டும் 'ஃபோர்', மதியம் 'நாலு'. காலையில் வாட்ச்மேன் மாடசாமியை 'மிஸ்டர் மாடசாமி' என்று கூப்பிட வேண்டும். மதியம் 'மாடசாமி அண்ணே'. (மாடசாமி அண்ணனுக்குக் காலைதான் பிடிக்கும்.) மதியம் யாராவது இங்கிலீஷ் பேசிவிட்டால் தமிழையா பெஞ்சு மேல் ஏற்றுவார். காலையில் தமிழ் பேசினால் டெய்சி மிஸ் ஏற்றுவார். பேபி கிளாஸிலிருந்து இப்படி ஏறி இறங்கியதில் எங்கள் நாக்குக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. தூக்குவாளியைத் திறந்து சோற்றை வாயில் வைத்ததும் இங்கிலீஷ் கடையைச் சாத்திவிடும். மறுநாள் காலையில்தான் திறக்கும்.

இதில் பருவ காலம் என்று ஒரு பாடம். காலையில் டெய்சி மிஸ் அது நாலு என்பார்: ஸ்பிரிங், சம்மர், ஆட்டம், விண்ட்டர். ஸ்பிரிங் என்றால் எனக்குத் தெரிந்தது அப்பாவின் பிரஸ்ஸில் மெஷினுக்குள் இருப்பதும், அவசர நேரம் பார்த்து அறுந்துபோவதும்தான். (அப்பா தீப்பெட்டி லேபிளும் பட்டாசு லேபிளும் அடிக்கிற சின்ன பிரஸ் வைத்திருந்தார்.) மதியம் தமிழையா அதையே ஆறு என்பார்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். பனி என்ற பெயரில் மட்டும் இரண்டு. எங்கள் ஊரில் மார்கழி விடியற்காலையில் தலையில் துண்டு கட்டுவார்கள், எட்டு மணிக்கு அவிழ்ப்பார்கள். அத்தோடு பனி முடிந்தது.

நாலும் மனப்பாடம், ஆறும் மனப்பாடம். ஆனால் வீட்டில் நான் பார்த்தது இரண்டே இரண்டுதான். ஒன்று சீசன், இன்னொன்று அன்சீசன். ஆடி பிறந்ததிலிருந்து தீபாவளி வரைக்கும் சீசன். அப்போது அப்பாவைப் பார்க்க வேண்டுமென்றால் பிரஸ்ஸுக்குப் போக வேண்டும். தீபாவளி முடிந்தால் அன்சீசன். அப்போது அப்பா வீட்டிலேயே இருப்பார், ஏன் இருக்கிறார் என்று அம்மா முணுமுணுப்பாள். கல்யாணம், காதுகுத்து, பல் பிடுங்குவது எல்லாமே அன்சீசனில்தான். எனக்குப் புதுப் பாவாடை வேண்டும் என்று கேட்டால் அம்மா, "சீசன் முடியட்டும்டி, அப்பாகிட்ட இப்பப் பேச முடியாது" என்பாள். எனக்குத் தெரிந்து பூமி சூரியனைச் சுற்றியது தீபாவளி ஆர்டருக்காகத்தான்.

எட்டாம் வகுப்புக்கு வந்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. பள்ளிக்கூடம் எட்டோடு முடிகிறது. அதற்கு மேல் ஹைஸ்கூல் வகுப்பு வைக்க அரசாங்கம் அங்கீகாரம் தர வேண்டும். தந்தால் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் அங்கேயே படிக்கலாம். தராவிட்டால் பையன்கள் பஸ் பிடித்து எங்கேயாவது போய்ப் படித்துக்கொள்வார்கள். நான்?

அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இங்கனயே ஹைஸ்கூல் வந்துச்சுன்னா படி தாயி, எம்புட்டு வேணும்னாலும் படி. பஸ்ஸேறி விருதுநகருக்குப் போயிப் படிக்கிற சோலியெல்லாம் வேண்டாம்."

வேண்டாம் என்றால் அடுத்தது என்ன என்பதை அவர் சொல்லவில்லை. சாத்தூரிலிருந்து வருகிற அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, சொன்னாள். வரும்போதெல்லாம் சாத்தூர் சேவு பொட்டலத்தோடு வந்து, என்னைச் சுவரோரம் நிறுத்தி, மேலும் கீழும் பார்த்து, "ஏத்தா கோமதி, எம்புட்டு வளந்துட்டே!" என்பாள். நான் வளர்ந்ததில் அத்தைக்கு என்ன ஆதாயம் என்று கேட்டால், அவளுக்கு ஒரு மகன் இருந்தான். செல்வராசு அத்தான். தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் ஒரே ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர், இலை முன்னால் உட்கார்ந்து மௌனமாகச் சாப்பிட்டு, கடைசியில் நிமிர்ந்து, "குழம்புல உப்பு கம்மி" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. பரிமாறிக்கொண்டிருந்த நானும் பதிலுக்கு என்னவோ முணுமுணுத்ததாக ஞாபகம். அந்த ஒரு வாக்கியத்தை ஆயுள் முழுக்கக் கேட்க வேண்டியிருக்குமே என்று நினைத்தால் எனக்கு அழுகை வந்தது. நிஜமாகவே அழுதிருக்கிறேன். படிப்பின் மேல் இருந்த ஆசையில் பாதி, படிப்பின் மேல் இருந்த ஆசை. மீதி, செல்வராசு அத்தானின் மேல் இருந்த பயம்.

மாசி மாதம், பள்ளிக்கூடத்தைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. (எங்கள் ஊரில் இன்ஸ்பெக்டர் என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது. வெடிமருந்து இன்ஸ்பெக்டரோ என்று நினைத்து மாடசாமி அண்ணன் கம்பெனி குடோன் பக்கம் ஓடி, தீயணைக்கிற மண் வாளியை எல்லாம் நிரப்பி வைத்துவிட்டார்.) வந்து பார்த்துவிட்டு, அவர் சரி என்றால் ஹைஸ்கூல். இல்லையென்றால் இல்லை.

அவர் முன்னால் நிறுத்த ஒரு பிள்ளை வேண்டும். பேபி கிளாஸிலிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் இதே பள்ளிக்கூடத்தில் ஏறி வந்த பிள்ளையாக இருக்க வேண்டும் என்று டெய்சி மிஸ் தேடினார். நான் அகப்பட்டேன். மூன்று வாரம் என்னைப் போட்டு வறுத்து எடுத்தார். "ஹவ் மெனி சீசன்ஸ் ஆர் தேர் இன் எ இயர்?" என்று அவர் கேட்பார். "தேர் ஆர் ஃபோர் சீசன்ஸ் இன் எ இயர், சார்" என்று நான் சொல்ல வேண்டும். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் சொல்வேன். அந்த 'இயர்' காதில் விழுந்ததும் மீதி தானாக வெளியே வரும்.

பேபி கிளாஸ் வாண்டுகளுக்குத் தனிப் பயிற்சி. டெய்சி மிஸ் கைக்குட்டையை உயர்த்தினால் எல்லோரும் கை தட்ட வேண்டும். நான் பதில் சொல்லி முடித்ததும் உயர்த்துவதாக ஏற்பாடு.

இதோடு நின்றிருந்தால் என் கதை வேறு மாதிரி போயிருக்கும். முதலாளி வந்தார். "மிஸ்ஸு, வெடி எப்ப?" என்றார்.

"வெடியா? எதுக்கு சார் வெடி? வருவது கல்வி அதிகாரி" என்றார் டெய்சி மிஸ்.

"அதுக்குத்தான் சொல்லுதேன். நம்ம ஊருக்கு வந்த மனுசரை ஒரு வெடிகூடப் போடாம அனுப்பிச்சா அவுக என்ன நினைப்பாக? நம்ம கம்பெனி சரக்கு வெடிக்காதுன்னுல்ல நினைப்பாக!"

பேசிப் பேசி, எல்லாம் முடிந்து குழந்தைகள் கை தட்டும்போது வாசலில் ஒரு சரவெடி, சரத்தின் கடைசியில் ஒரே ஒரு அணுகுண்டு என்று டெய்சி மிஸ் இறங்கி வந்தார். கொளுத்துகிற பொறுப்பு மாடசாமி அண்ணனுக்கு. வெடிக்கு நடுவிலேயே வாழ்ந்து அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் வாண்டுகள் பலமாகத் தட்ட வேண்டும் என்று மறுபடி ஒத்திகை நடந்தது.

அந்த நாளும் வந்தது. காலை பத்து மணிக்கு அதிகாரி வர வேண்டும். நான் எண்ணெய் வைத்துப் படியப் பின்னி, வாயில் இங்கிலீஷை நிரப்பிக்கொண்டு தயாராக நின்றேன். பத்து ஆனது. பதினொன்று ஆனது. விருதுநகர் ஜங்ஷனுக்கே ரயில் இன்னும் வரவில்லையாம். பன்னிரண்டு ஆனபோது பேபி கிளாஸ் பசியில் அழ ஆரம்பித்தது. "பிள்ளைக சாப்பிடட்டும்லே, பாவம்" என்று முதலாளி மணியை அடிக்கச் சொல்லிவிட்டார்.

டெய்சி மிஸ்ஸின் முகம் வெளுத்தது. தான் நடத்துகிற பள்ளிக்கூடத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதா? என்னைத் தனியே இழுத்துப்போய், "கோமதி, கொஞ்சமா சாப்பிடும்மா" என்று கெஞ்சினார். மணி அடித்துவிட்டதால் அவரே தமிழில்தான் கெஞ்சினார்.

கொஞ்சமாகச் சாப்பிடத்தான் நினைத்தேன். அம்மா, பெரிய நாளாயிற்றே என்று தயிர்ச்சோற்றுக்கு மோர் மிளகாய் வறுத்து வைத்திருந்தாள். அதற்கு மேல் என்னைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. தூக்குவாளியை வழித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அதிகாரி வந்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, கையில் குடை. முதலாளி வீட்டு விருந்து அவருடைய கண்ணையும் பாதி மூடியிருந்தது. வகுப்புக்குள் வந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். வலப்பக்கம் டெய்சி மிஸ். இடப்பக்கம் தமிழையா, மதியம் தன்னுடைய ராஜ்ஜியம் என்கிற தோரணையில். முதலாளி வாசலில்.

"திஸ் இஸ் கோமதி, சார்" என்றார் டெய்சி மிஸ்.

அதிகாரி நல்ல மனிதர். பயந்த பெண்ணிடம் சுலபமாக ஏதாவது கேட்போம் என்று நினைத்திருக்கிறார். "வெல், கோமதி. ஹவ் மெனி சீசன்ஸ் டு யூ ஹேவ் இன் யுவர் பிளேஸ்?" என்றார்.

நான் 'இயர்' வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. உங்கள் ஊரில் எத்தனை சீசன் என்றல்லவா கேட்கிறார்? எங்கள் ஊரில் எத்தனை என்பது எனக்குத் தெரியாதா?

"ஒன்லி ஒன், சார்!"

அதிகாரியின் கண் முழுதாகத் திறந்தது. "ஒன்லி ஒன்?"

"யெஸ் சார். தீபாவளி சீசன்."

அவர் முதுகுக்குப் பின்னால் டெய்சி மிஸ் அவசர அவசரமாக நாலு விரலைக் காட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. "ஃபோர் மன்த்ஸ், சார்!" என்றேன்.

இந்தப் பக்கம் தமிழையா ஆறு விரலைக் காட்டினார். நாலும் ஆறும் பத்து. பத்து என்றால்? "டெய்லி டென் லோடு, சார்!" என்று அடித்துவிட்டேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஐ ஸீ. அண்ட் வாட் இஸ் த சீசன் நவ்?"

"நவ் அன்சீசன், சார். நோ ஆர்டர். நோ லோடு. ஃபாதர் இஸ் ஸ்லீப்பிங்."

காலையில் வாயில் நிரப்பிய இங்கிலீஷில் சோற்றுக்குத் தப்பி ஒட்டியிருந்த மிச்சமும் அத்தோடு தீர்ந்துபோனது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் திருப்திப்பட்ட மாதிரி தெரியவில்லை. இன்னும் ஒரு சீசனாவது கொடுத்தால்தான் ஹைஸ்கூல் கிடைக்கும் என்று தோன்றியது. "குத்தாலத்துல ஒரு சீசன் இருக்கு சார்" என்றேன் தமிழில். "நாங்க குளிக்கப் போவோம். சாரல் அடிக்கும். நீங்களும் வாங்க."

டெய்சி மிஸ்ஸுக்கு வியர்த்துக் கொட்டியது. பாவம், முகத்தைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்து உயர்த்தினார்.

பேபி கிளாஸ் கை தட்டியது. ஒத்திகையில் சொன்னபடி பலமாகத் தட்டியது. வாசலுக்கு வெளியே மாடசாமி அண்ணன் பத்தியை வைத்தார்.

முதலாளி கஞ்சத்தனம் செய்யாத மனிதர். பேசிய அளவுக்கு மேலேயே சரத்தை நீட்டி வைத்திருந்தார். வெடிக்க ஆரம்பித்ததும் ஓட்டிலிருந்து தூசி கொட்டியது, ஜன்னல் வழியாகப் புகை உள்ளே வந்தது, கரும்பலகை ஆணியோடு சாய்ந்தது. பிள்ளைகள் ஒருவரும் அசையவில்லை. எங்களுக்கு இது அடுத்த வீட்டில் தாளிக்கிற சத்தம். புகை கொஞ்சம் விலகியபோது நாற்காலி மட்டும் இருந்தது, அதிகாரியைக் காணவில்லை. குடை கீழே கிடந்தது.

குனிந்து பார்த்தேன். மேசைக்கு அடியில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சரம் ஓய்ந்தது. "முடிஞ்சுதா?" என்று வாயசைத்தார். வெளியே வரத் தலையை நீட்டினார். எனக்குப் பதறிவிட்டது. நானும் மேசைக்குள் தவழ்ந்து போய் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். "வராதீக சார்! கடைசியில ஒரு அணுகுண்டு இருக்கு! அதுவும் போயிரட்டும்!"

அவர் மறுபடி உள்ளே ஒடுங்கினார். நானும் பக்கத்தில். அணுகுண்டின் திரி ஏனோ தாமதித்தது. அந்த இடைவெளியில், யாரும் கேட்காமலேயே, நான் கொட்டிவிட்டேன்.

"சார், இங்கிலீஷ்ல நாலு சார். தமிழ்ல ஆறு. ரெண்டும் எனக்குத் தெரியும் சார். நீங்க 'இன் யுவர் பிளேஸ்'னு கேட்டீக. அதுலதான் போச்சு. அதோட சோறு வேற சாப்பிட்டுட்டேன். சாப்பிட்டா எனக்கு இங்கிலீஷ் வராது. ஹைஸ்கூல் குடுத்துருங்க சார். குடுக்கலைன்னா என்னைச் சாத்தூர்ல கட்டிக் குடுத்துருவாக."

"சாத்தூர்ல யாருக்கும்மா?" என்றார் அவர், காதிலிருந்து ஒரு கையை எடுத்துவிட்டு.

"எங்க அத்தை மகனுக்கு சார். அவுகளுக்குக் குழம்புல உப்பு..."

அணுகுண்டு வெடித்தது.

முதலாளி உள்ளே ஓடிவந்தார். டெய்சி மிஸ் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மேசைக்கு அடியிலிருந்து தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு வெளிப்பட்ட அதிகாரியிடம் முதலாளி பெருமை பொங்கக் கேட்டார்: "எப்படி சார் நம்ம சரக்கு? ஒண்ணுகூடப் புஸ்ஸுன்னு போகலை, பாத்தீகளா!"

அதிகாரி குடையை எடுத்தார். கோட்டைத் தட்டிக்கொண்டார். என்னைப் பார்த்து, "இப்ப என்ன சீசன்னு சொன்னே?" என்றார்.

"அன்சீசன், சார்."

"அன்சீசன்லயே இப்படின்னா, சீசன்ல நான் இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டேம்மா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். சிரித்தாரா, முறைத்தாரா என்பது புகையில் தெரியவில்லை.

அடுத்து வந்தவை எனக்குக் கெட்ட நாட்கள். நான் ஆறு காட்டியும் இந்தப் பிள்ளை பார்க்கவில்லை என்று தமிழையா குறைப்பட்டார். உங்கள் ஆறைப் பார்த்ததால்தான் என் நாலும் கெட்டது என்றார் டெய்சி மிஸ். நடந்ததையெல்லாம் கேட்ட அப்பா, ஃபாதர் இஸ் ஸ்லீப்பிங் என்ற இடத்தில் மட்டும், "அதை எதுக்குத்தா அங்க போயி சொன்னே?" என்றார். மற்றதுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் இருந்தால் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம். அடுத்த வாரம் அத்தை வந்தாள். சேவு பொட்டலம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. அம்மா பெட்டியைத் திறந்து தன் பட்டுச் சேலையைப் பிரித்துப் பார்த்து மடித்து வைத்ததை நான் பார்த்துவிட்டேன். பாடப் புத்தகங்களை எடுத்துத் தடவிப் பார்த்தேன், பிறகு பாயில் குப்புறப் படுத்துக்கொண்டேன். என் படிப்பை என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பங்குனி முடிகிற நேரம். ஒருநாள் பள்ளிக்கூடப் பக்கத்திலிருந்து சரவெடிச் சத்தம் கேட்டது. நிற்காமல் கேட்டது. அன்சீசனில் இப்படி வெடிக்கிறதென்றால் முதலாளி வீட்டில் ஏதோ விசேஷம் என்றாள் அம்மா. கொஞ்ச நேரத்தில் மாடசாமி அண்ணன் சைக்கிளில் வந்து, இறங்காமலேயே தெருவிலிருந்து கத்தினார்: "தங்கச்சி! ஹைஸ்கூலு வந்துருச்சு! அம்புட்டு வெடியும் அதுக்குத்தான்!"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியொரு நிம்மதியை அதற்குப் பிறகு பிரசவம் முடிந்த அன்றுகூட நான் அனுபவித்ததில்லை. அன்று சாயங்காலம் அப்பா இனிப்பு வாங்கப் போய், கடையில் இனிப்பு தீர்ந்துவிட்டதென்று சாத்தூர் சேவு வாங்கிவந்தார். என் வாழ்க்கையில் முதல்முறையாகச் சேவு ருசித்தது அன்றைக்குத்தான்.

அங்கீகாரக் கடிதம் கொடுத்தபோது அதிகாரி முதலாளியிடம் சொன்னாராம்: "ரெண்டு மொழிப் பள்ளிக்கூடம்னு எழுதியிருக்கீங்க. நான் பார்த்த வரைக்கும் மூணு மொழி நடக்குது. தமிழ், இங்கிலீஷ், சிவகாசி. மூணும் அந்தப் பொண்ணுக்குத் தெரியுது. மேலே படிக்கட்டும்." கூடவே, மாடசாமி கையில் தீப்பெட்டி கொடுக்கக் கூடாது, இனிமேல் சில நாளாவது மதியத்தில் இங்கிலீஷ் நடத்த வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். முன்னதை முதலாளி ஒருநாளும் கடைப்பிடிக்கவில்லை. பின்னது எனக்கு மிகவும் தாமதமாக வந்த மருந்து. என் தம்பி அந்த மாற்றத்துக்குப் பிறகு படித்தவன். அவன் இன்றைக்கும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுகூட இங்கிலீஷ் பேசுவான். எனக்குப் பார்க்கவே பொறாமையாக இருக்கும்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். அதற்கு மேலும் படித்து, ஆசிரியையாகவும் ஆனேன். முதல் பீரியடில் மட்டும் இங்கிலீஷ் எடுத்தேன். வீட்டிலோ என் மானம் நிரந்தரமாகப் போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தால் பிள்ளைகள் ஒருவருக்கொருவர், "அம்மாவுக்கு இப்ப சீசனா, அன்சீசனா?" என்று கேட்டுக்கொள்வார்கள்.

சில வருஷங்களுக்கு முன் சாத்தூரில் ஒரு கல்யாணம். செல்வராசு அத்தானின் பேத்திக்கு. அவர் எப்போதோ திருவேங்கடத்தில் பெண் எடுத்து, பேரன் பேத்தி கண்டு, நிறைவாக இருக்கிறார். பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்த என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவரைவிடச் சிரித்த முகமாக அவர் மனைவியும் அருகில் இருந்தார். கல்யாண வீட்டில் யாரோ என் மேசைக் கதையை எடுத்துவிட, எல்லோரும் சிரித்து ஓய்ந்தபிறகு அத்தான் சொன்னார்:

"ஏத்தா கோமதி, அன்னைக்கு நீ ஒருத்திதான் பயந்தேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கியா? இருக்கன்குடி மாரியம்மனுக்கு நான் நடந்தே போயித் தேங்காய் உடைச்சேன். 'தாயே, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு எப்படியாவது ஹைஸ்கூலு குடுத்துரு'ன்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க எதுக்கு அத்தான் உடைச்சீக?"

"உங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தேன்ல? குழம்புல உப்பு கம்மின்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டு 'மேனர்லெஸ் பாய்'னு சொல்லிட்டுப் போயிட்டே. எனக்கு அர்த்தம் புரியலை. சாத்தூர்ல எல்லார்கிட்டயும் கேட்டேன். கடைசியில நம்ம ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னாரு. அன்னையிலருந்து எனக்குத் தூக்கம் போச்சு. ஒரு குழம்புக்கே இங்கிலீஷ்ல வையுறா, காலம் பூரா எப்படிக் காலந்தள்ளுறதுன்னு."

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் ஆண்கள் சாப்பிட்ட பிறகுதான் பெண்பிள்ளைகள் சாப்பிடுவது வழக்கம். அவருக்குப் பரிமாறியபோது நான் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. அதனால்தான் அந்த மதியத்திலும் எனக்கு இங்கிலீஷ் வந்திருக்கிறது. இத்தனை வருஷம் நான் ஒருத்தி மட்டும் தப்பித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே சரவெடியில் இரண்டு பேர் தப்பித்திருக்கிறோம்.

அவர் மனைவி எழுந்து, அத்தானுக்கு இலை போட்டாயிற்று என்று கூப்பிட்டார். அத்தான் எழுந்தார். இரண்டு எட்டு வைத்தவர் நின்று, திரும்பி, கொஞ்சம் கவலையோடு என்னைக் கேட்டார்: "நீ சாப்பிட்டுட்டேல்ல?"

"ஆச்சு அத்தான். தயிர்ச்சோறு வரைக்கும் ஆச்சு."

"அப்பாடா" என்றார் அவர். "இனி குழம்பைப் பத்தி நான் தைரியமாப் பேசலாம்."